நடுப் பிட்ச்சில் நாலு முட்டை

"யாரும் கிட்ட போகக் கூடாது! கால் வெச்சீங்கன்னா தாய்ப் பறவை முட்டையை விட்டுட்டுப் போயிடும்!"

விலங்கியல் டீச்சர் போட்ட சத்தத்தில், பிட்ச்சைச் சமன் செய்ய வந்த ரோலர் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். பந்து குத்தி எழும்ப வேண்டிய சரியான இடத்தில், மண்ணோடு மண்ணாக, புள்ளி போட்ட நாலு முட்டை கிடந்தது. ஆள்காட்டிக் குருவியின் முட்டை என்று டீச்சர் தூரத்தில் நின்றபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார். வெறுந்தரையில் முட்டையிட்டு, ஆள் அரவம் கேட்டால் கத்தி ஊரைக் கூட்டும் பறவை அது. டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் பாடம் நடத்துவதிலிருந்து ஓய்வு பெறவில்லை.

"என்ன டீச்சர் இது அநியாயம்! அப்ப ஆட்டம் என்ன ஆகுறது?" என்று எல்லாரையும்விட உரக்கக் குதித்தவர் சிக்ஸர். உள்ளுக்குள் அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

சிக்ஸர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பெயர்ப்பலகையில் வேறு பெயர் இருந்தாலும் ஊருக்கு அவர் சிக்ஸர்தான். இளவட்டமாக இருந்தபோது, ஒரு கோடை விடுமுறையில், இதே மைதானத்தில், கடைசிப் பந்தில் அவர் அடித்த அடி அப்படி. பந்து மைதானத்தைத் தாண்டி, சாலையைத் தாண்டி, முடிவெட்டும் கடைக்குள் புகுந்து சோப்பு நுரைக் கிண்ணத்தில் விழுந்தது. பாதி முகம் மழித்த ஒருவர் வெளியே ஓடிவந்து கைதட்டினார். அந்தப் பந்தைத் தேடிப் போனவர் அதைப் போட்டவர்தான். அவருக்குப் புயல் என்று பெயர். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்தது சிக்ஸரின் தங்கை. அடுத்த கோடையில் புயல் சிக்ஸருக்கு மச்சான் ஆகிவிட்டார்.

இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டேதான் சிக்ஸரின் மகள் வளர்ந்தாள். அவள் சாப்பிட அடம்பிடித்த நாளெல்லாம் பந்து இன்னும் கொஞ்சம் தூரம் போகும். அவள் கண்கள் விரிவதைப் பார்ப்பதற்காகவே எத்தனை தெரு வேண்டுமானாலும் தாண்ட வைப்பார். அதைப் போன்ற சுகம் அதற்குப் பிறகு அவருக்கு எதிலும் கிடைக்கவில்லை.

இப்போது வெளியூரில் வேலை பார்க்கும் மகள், விடுமுறைக்கு வந்த கையோடு பழைய ஆட்டக்காரர்கள் எல்லாரையும் போனில் பிடித்து ஒரு ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டாள்.

"கதையாக் கேட்டதெல்லாம் போதும்ப்பா. ஒரு தடவை கண்ணால பாக்கணும்."

"பாத்துடு! இந்தத் தடவை முடிவெட்டுற கடை இல்ல, அதுக்கு அடுத்த தெரு!"

சொல்லிவிட்டாரே தவிர, அவருடைய வலது தோள் போன வருடமே வேலைநிறுத்தம் செய்துவிட்டது. கை காதுக்கு மேல் ஏறாது. அன்று மாலையே பரண் மேலிருந்து பழைய மட்டையை எடுக்கப் போய், கை பாதியில் நின்றது. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பல்லி இருக்கும்மா. அதான் யோசிக்கிறேன்" என்றார்.

"ஆமாப்பா, பெரிய பல்லி" என்று அவள் ஸ்டூலில் ஏறி மட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. மட்டையைத் தூக்க முடியாமல் முதல் பந்திலேயே ஸ்டம்ப் பறந்தால், இத்தனை வருடக் கதை மகள் கண்ணெதிரே செத்துப்போகும். அந்த நேரத்தில் பார்த்துத்தான் குருவி வந்து முட்டையிட்டிருக்கிறது. தெய்வம் சிறகு கட்டிக்கொண்டு வந்ததாகவே சிக்ஸர் நினைத்தார்.

நினைப்பு இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை.

"ஒரு சந்தேகம்" என்றார் டீச்சர். "நானும் காலையும் சாயங்காலமும் பாக்குறேன். பறவையவே காணோம். முட்டை மட்டும்தான் இருக்கு. கைவிட்ட கூடா இருக்கலாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம். அப்புறம் முட்டையை எடுத்துட்டு நீங்க ஆடுங்க."

"அப்பாடா!" என்றார் சிக்ஸர், முகம் வெளிறிப் போய்.

நேராக முட்டைக் கடைக்குப் போனார். காடை முட்டையும் புள்ளி போட்டதுதானே?

"ஒரு காடை முட்டை குடுப்பா. புள்ளி நிறைய இருக்கிறதாப் பாத்துக் குடு."

கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சிக்ஸர் முட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தெருமுனைக்குப் போயிருந்தார்.

விடியற்காலையில், பிட்ச்சைச் சுற்றி டீச்சர் கட்டச் சொன்ன கயிற்றைத் தாண்டி, குனிந்து, ஐந்தாவது முட்டையை வைத்துவிட்டு வந்தார். கூடு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று டீச்சர் நம்ப அது போதும்.

ஆனால் மறுநாள் மைதானத்தில் ஒரே அமளி. முட்டை ஏழு.

"ஆள்காட்டி நாலு முட்டைக்கு மேல இடவே இடாது!" டீச்சருக்கு மூச்சு வாங்கியது. "இது அதிசயம்! எங்க பறவை நோக்கர் சங்கம் முழுசையும் வரச் சொல்லிட்டேன். சார், என் புதுக் கண்ணாடி ரெடியா? கிட்டத்துல நல்லாப் பாக்கணும்."

"லென்ஸ் இன்னும் வரல டீச்சர்" என்றார் சிக்ஸர். லென்ஸ் கடை மேஜையில் பளபளவென்று காத்திருந்தது. வியாபாரத்தில் இதுவரை அவர் சொல்லாத பொய்.

மிச்சம் இரண்டு முட்டை எங்கிருந்து வந்தது? குருவிதான் திரும்பி வந்திருக்க வேண்டும். அவருக்குப் புல்லரித்தது.

சனிக்கிழமை காலை மைதானத்தைச் சுற்றிப் பச்சைத் தொப்பிகள். ஆளுக்கொரு தொலைநோக்கி. வெயில் ஏறியும் ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை.

"பறவையே இல்லாம முட்டையா?" என்று ஒரு தொப்பி முணுமுணுத்தது. "கயித்தைத் தாண்டிப் போய் எடுத்துப் பாத்துடலாம்."

சிக்ஸர் மெல்லப் பின்வாங்கினார். எடுத்துப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். நைசாக நழுவி, மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் வெள்ளைப் பலகைத் தட்டிக்குப் பின்னால் புகுந்தார். டீச்சர் நாள் தவறாமல் செய்து காட்டிய குரலை மனதில் ஓட்டிக்கொண்டு, வாயில் கையைக் குவித்தார்.

"டிட்டி... டிட்டிட்டீ!"

மைதானம் அடங்கிப் போனது. அடுத்த நொடி, தட்டியின் அந்தக் கோடியிலிருந்து பதில் வந்தது.

"டிட்டி... டிட்டிட்டூ!"

சிக்ஸர் காதைத் தீட்டிக்கொண்டார். நிஜக் குருவி! தன் குரலுக்கு மயங்கி வந்த குருவி!

"ஜோடியா இருக்கு!" என்று டீச்சர் கிசுகிசுப்பது கேட்டது. "பெண் பறவைக்குத்தான் தொண்டை கட்டியிருக்கு."

சிக்ஸர் தவழ்ந்து தவழ்ந்து முன்னேறினார். எதிர்ப்பக்கமும் புல் சலசலத்தது. தட்டியின் நடுவில் இரண்டு தலைகள் மோதிக்கொண்டன.

"மச்சான்!"

"மச்சான்!"

முழங்காலில் மண்ணோடு புயல். வாயில் குவித்த கையை எடுக்கக்கூட மறந்திருந்தார்.

"நீ இங்க என்னடா பண்ற?"

"நீ என்ன பண்றியோ அதேதான். நாலு எட்டு வெச்சு ஓடினா இடுப்பு பிடிச்சுக்குது மச்சான். உன் தங்கச்சி இன்னும் என்னைப் புயல்னே நினைச்சிட்டிருக்கா. தென்றலாக்கூட வர முடியாதுன்னு எப்படிச் சொல்றது?"

"எனக்குத் தோள். காதுக்கு மேல போகாது. என் பொண்ணு முன்னாடி..." சிக்ஸர் கையைத் தூக்கிக் காட்டினார்; அது காதோரமே நின்றது.

இரண்டு பேரும் புல்லில் உட்கார்ந்து சத்தம் வராமல் சிரித்தார்கள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. இதே தட்டிக்குப் பின்னால்தான், ஆட்டம் முடிந்த மாலைகளில், இருவரும் ஒரே சோடாவை மாற்றி மாற்றிக் குடிப்பார்கள். அந்தப் பையன்கள் எங்கே போனார்கள் என்று சிக்ஸருக்கு ஏக்கமாக இருந்தது.

"நீ எத்தனை வெச்ச?" என்றார்.

"ரெண்டு. நீ?"

"ஒண்ணு."

"அப்ப முதல்ல இருந்த நாலு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அது நிஜம் மச்சான்" என்றார் சிக்ஸர் மெதுவாக. "நம்ம மானத்தைக் காப்பாத்தவே எங்கிருந்தோ ஒரு குருவி வந்திருக்கு."

ஜோடிக் குரலைக் கேட்ட பறவை நோக்கர்களுக்குப் பரம திருப்தி. குஞ்சு பொரித்துப் பறக்கும் வரை மைதானத்தில் ஒருவரும் கால் வைக்கக் கூடாது என்று டீச்சர் அறிவித்தார். ஆட்டம் அடுத்த கோடைக்குத் தள்ளிப் போனது. இரண்டு அணிக் கிழவர்களும் "அடடா" என்று உச்சுக் கொட்டியதில் ஒன்றுகூட மனதிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை.

ஞாயிறு மாலை எல்லாரும் வேலியோர வேப்பமரத்தடியில் கூடினார்கள். ஆடாத ஆட்டத்துக்கு ஆடிய ஆட்டங்களே ஈடு கொடுத்தன. யாரோ பழைய ரன் அவுட்டுக்கு இன்னும் சண்டை பிடித்தார்கள். புயல் தன் வேகத்தைச் சொல்ல, அவர் மனைவி பெருமையாகப் பார்த்தாள். கடைசியில் மகள்தான் கேட்டாள்.

"அப்பா, அந்தக் கடைசிப் பந்து?"

சிக்ஸர் சொன்னார். பந்து சாலையைத் தாண்டியது, சோப்பு நுரை தெறித்தது, பாதி முகம் மழித்தவர் ஓடிவந்தார். மகளின் கண்கள், சின்ன வயதில் விரிந்த அதே அளவுக்கு விரிந்தன. அது போதும் அவருக்கு. இதைவிடப் பெரிய சிக்ஸர் இனி யாராலும் அடிக்க முடியாது என்று நினைத்துக்கொண்டார்.

"குருவிக்குக்கூட உங்க ஆட்டத்து மேல மரியாதைப்பா" என்றாள் அவள், வீட்டுக்கு நடக்கும்போது. "அடுத்த வருஷமும் வரும், பாருங்க."

"வரட்டும்மா, வரட்டும்" என்று சிரித்தார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கோழி முட்டை வாங்கக் கடையில் நின்றார். மகள் பத்தடி முன்னால் போய், தெருவிளக்கின் கீழே காத்திருந்தாள். கடைக்காரர் முட்டையைப் பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டார்.

"இன்னைக்குக் காடை முட்டை வேணாமா சார்? உங்க குடும்பத்துக்கே ஒரே ருசி போல. போன வாரம் உங்க பொண்ணு வந்தப்பவும் இதையேதான் சொல்லிச்சு: 'அண்ணே, புள்ளி நிறைய இருக்கிறதா நாலு பாத்துக் குடுங்க'ன்னு!"