சாம்பிள்ல உள்ளபடி

வீரபாண்டியில் பனியன் கம்பெனி நடத்தும் சசிகுமாருக்கு வாழ்க்கையில் ஒரே கொள்கைதான்: சாம்பிள் எப்படியோ, சரக்கும் அப்படியே. சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஒரு பனியன் அனுப்புவார். இம்மி பிசகாமல் அதே மாதிரி ஒரு கன்டெய்னர் திரும்பிப் போகும். ஒருமுறை பட்டன் உதிர்ந்த சாம்பிள் வந்துவிட்டது. மொத்தச் சரக்கும் பட்டனில்லாமலே போய், பாராட்டும் வந்து சேர்ந்தது. அதிலிருந்து அங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதர் தலையில்தான் இடி விழுந்தது. இனிமேல் சொந்தமாகச் சிந்தித்து டிசைன் செய்யும் கம்பெனிகளுக்கு மட்டுமே ஆர்டர், வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்ப்பேன் என்று பையரிடமிருந்து மெயில். இந்த ஆர்டர் போனால் கம்பெனிக்குப் பூட்டுதான். சசிகுமாருக்குச் சோறு இறங்கவில்லை. சிந்திக்க ஆள் எங்கே கிடைக்கும் என்று விசாரித்து, பெங்களூரிலிருந்து நித்தீஷ் என்ற டிசைன் திங்கிங் நிபுணரைக் கூட்டிவந்தார்.

நிபுணர் வியாழக்கிழமை வந்ததுமே மெஷின்களை நிறுத்தினார். சத்தத்தில் இன்ஸ்பிரேஷன் வராதாம். ஆளுக்கொரு கட்டு மஞ்சள் சீட்டு கொடுத்து, தோன்றுவதை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். மதியத்துக்குள் சுவரே தெரியவில்லை. பாதிச் சீட்டுகளில் "டீ எப்போங்க?" என்றுதான் இருந்தது.

"துணியோட மனசைப் புரிஞ்சுக்கணும்," என்ற நித்தீஷ், கட்டிங் மாஸ்டர் சகாயராஜ் பக்கம் திரும்பினார். "இந்தத் துணி இப்ப என்ன நினைக்குது?"

"வெட்டிராதீங்கன்னு நெனைக்கும் சார்."

"ஆகா! இதுதான் எம்பதி!"

நித்தீஷ் கைதட்டினார். சசிகுமாரும் தட்டினார்; அவருக்கு ஃபீஸ் கட்டியாகிவிட்டதே!

சாயங்காலம் நித்தீஷ் ஒரு வெள்ளைப் பனியனின் நெஞ்சில் "இங்கே ஏதாவது யோசிக்கவும்" என்று ஒரு சீட்டை ஒட்டி, சாம்பிள் கம்பியில் மாட்டிவிட்டு ஓட்டலுக்குப் போய்விட்டார். அந்தக் கம்பியில் தொங்குவது எதுவானாலும் அது ஓகே ஆன சாம்பிள் என்பது கம்பெனியின் சட்டம். சகாயராஜ் பார்த்தார். மெஷினைப் போட்டார்.

காலையில் சசிகுமார் வந்து பார்த்தார். மேஜையில் புத்தம் புதுப் பனியன். நெஞ்சில் மஞ்சள் துணிச் சதுரம். அதில் அதே எழுத்து எம்ப்ராய்டரியில். சீட்டின் ஒரு மூலை சுருண்டிருந்தது போலவே துணியும் சுருண்டிருந்தது.

"ஏனுங்க மாஸ்டர், இதென்னங்க?"

"சாம்பிள்ல உள்ளபடிதான் மொதலாளி."

அதற்குள் பையர் உள்ளே வந்துவிட்டார். பனியனை எடுத்தார். எழுத்துக்கு அர்த்தம் கேட்டார். ஓட்டலிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்த நித்தீஷ் தட்டுத்தடுமாறிச் சொன்னதும் பையருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எவ்வளவு ஆழமான சிந்தனை!"

"மனிதகுலத்தின் வெற்றிடம் சார்," என்றார் நித்தீஷ் சட்டென்று.

"ஆமாங்க, ரொம்ப நாளா யோசிச்சதுங்க," என்றார் சசிகுமார்.

ஆர்டர் உறுதியானது. விஷயம் பரவியதும் அந்த ரோட்டிலிருந்த கம்பெனிகளெல்லாம் நித்தீஷை அழைத்து, மெஷினை நிறுத்தி, அவரவர் சொந்தமாகச் சிந்தித்தன. எல்லோருக்கும் மஞ்சள் சதுரமே தோன்றியது.

அடுத்த சீசனுக்குப் பையரிடமிருந்து பார்சல் வந்தது. "வழக்கம்போல் உங்கள் சொந்தச் சிந்தனை தேவை. இத்துடன் உள்ள சாம்பிளைப் போலவே செய்யவும்." பிரித்தால் சசிகுமாரின் அதே பனியன். யாரோ போட்டுப் பார்த்திருக்கிறார்கள் போலிருக்கிறது, முதுகில் பெரிய காபிக்கறை.

"மொதலாளி, இந்தக் கறையுமா?"

"என்னங்க மாஸ்டர் இப்படிக் கேக்கறீங்க? டிசைன்ல கை வெக்க நாம யாருங்க?"

அந்தப் பனியன் இப்போது நம்மூர்க் கடைகளுக்கும் வந்திருக்கிறது. வாங்கினால் கறையைத் துவைத்துப் பார்க்காதீர்கள், போகாது. நாம் கொடுக்கும் விலையே அதற்குத்தான்.