கண்டலுக்கு வரம்பு கட்டினவள்

தோட்டம் துரவில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். (கரையோரச் சேற்றில் வளரும் கண்டல் மரத்தைத் தவிர.)

அராலிப் பக்கம் எங்கள் கடல் நீரேரிக் கரை வெறும் வெட்டையாகக் கிடந்தது. விறகுக்கென்று வெட்டி வெட்டியே கண்டலை முடித்திருந்தோம். அதைத் திரும்ப உண்டாக்க, கண்டல் வளர்க்கவென்றே படித்த சுகந்தி என்ற பிள்ளை வந்தாள். எங்கள் மாதர் சங்கத்துக்கு ஒரு துண்டுக் கரை தந்தாள். மாரி முடியும்போது கன்றுகள் நின்றால் மிச்சக் கரையும் எங்களுக்கு. பட்டுப்போனால் வேறு ஊருக்கு. சங்கத் தலைவி நான். விடுவேனா?

ஆவணியில் நட்டோம். மறுநாள் போய்ப் பார்த்தால், கன்றுகளின் கழுத்துவரை உப்புத் தண்ணீர்! வெங்காயமும் புகையிலையும் செய்த குடும்பம். உவர் ஏறினால் தோட்டம் முடிந்தது என்று கேட்டே வளர்ந்தவள்.

“பூமணி, மண்வெட்டியை எடடி!” என்றேன், பக்கத்து வீட்டுக்காரியிடம்.

“அக்கா, உப்புத் தண்ணி வேணுமெண்டல்லோ அந்தப் பிள்ளை சொன்னது?”

“அது புத்தகத்திலை படிச்சது. நான் மண்ணிலை படிச்சனான்.” (பள்ளிக்கூடத்தில் படித்தது மூன்றாம் வகுப்புவரை.)

இரண்டே நாளில் சுற்றிவர முழங்கால் உயர வரம்பு. ஒரு சொட்டு உள்ளே வராது. பின்னேரங்களில் கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினோம். சேறு அப்படியும் காய்ந்து பாளம் பாளமாக வெடித்தது. கன்றுகள் தலையைத் தொங்கப்போட்டன. பசியாக்கும் என்று மாட்டெருவும் போட்டேன்.

சுகந்தி வந்தாள். வரம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஆரம்மா உந்த வரம்பைக் கட்டினது?”

“நான்தான். வடிவாயில்லையோ?”

“நல்ல வடிவு. கடலே கிட்ட வரப் பயப்பிடும்.” அழப்போகிறாளா சிரிக்கப்போகிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. “அம்மா, கண்டலுக்குத் தண்ணி ஏறி இறங்கோணும். தண்ணி வாற வழியைத் திறந்துவிட்டாலே எங்கடை வேலை அரைவாசி முடிஞ்சுது. நீங்கள் அதைப் பூட்டிப் போட்டியள்.”

பூமணி மண்வெட்டியை நீட்டினாள். அவள் முகத்தைப் பாராமலே வாங்கி, நான் கட்டியதை நானே வெட்டினேன்.

கன்றில் பாதி பட்டுவிட்டது. ஆனால் மாரித் தண்ணீரோடு எங்கிருந்தோ கண்டல் விதைகள் மிதந்து வந்து, வெறுமையாய்க் கிடந்த இடமெல்லாம் தாமாகவே வேர்விட்டன. ஒருவரும் தண்ணீர் ஊற்றவில்லை, எருப் போடவில்லை. மிச்சக் கரையும் எங்களுக்கே கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு: தலைவி மண்வெட்டியோடு வரக்கூடாது.

வீட்டில்தான் இன்னும் தப்ப முடியவில்லை. குழம்பு கொதிக்கும்போது மருமகள் குசினிக்குள் இருந்து கூப்பிட்டுக் கேட்பாள்: “மாமி, உப்புப் போடட்டோ, இல்லாட்டிச் சட்டியைச் சுத்தி வரம்பு கட்டட்டோ?”