திங்கட்கிழமைக்கு எடுத்துவைத்த ஆட்டம்

"நேத்து ஆட்டத்துல என்ன ஆச்சுன்னா டாக்டர்…" என்று பேக்கரிக்காரர் வாயைத் திறந்ததுதான் தாமதம், பல் டாக்டர் அதற்குள் இரண்டு பஞ்சு உருண்டைகளை வைத்து அடைத்துவிட்டார்.

"நல்லாத் திறங்க. இன்னும் கொஞ்சம். அப்படியே வச்சிருங்க."

கடைவாய்ப் பல்லில் ஒரு சின்னச் சொத்தை, அவ்வளவுதான். பத்து நிமிட வேலை. ஆனால் பஞ்சை எடுத்தால் மனிதர் பேசிவிடுவாரே. அந்தப் பயத்தில் டாக்டர் பக்கத்துப் பல்லையும் சுத்தம் செய்தார், எதிர்ப் பல்லையும் சுத்தம் செய்தார், பிறகு யாரும் கேட்காமலேயே மேல்வரிசை முழுவதற்கும் பாலிஷ் போட்டார். பேக்கரிக்காரர் கையை ஆட்டினார், கண்ணை உருட்டினார், "அ… ஆ…" என்று என்னவோ சொல்லிப் பார்த்தார். டாக்டர் கூரையைப் பார்த்துக்கொண்டு, மரத்துப்போகும் ஊசியை இன்னொரு தடவை போட்டார்.

விஷயம் இதுதான். நாலு வருடத்துக்கு ஒரு முறை வரும் கால்பந்து உலகக் கோப்பை. அதன் இறுதியாட்டம் ஞாயிறு மாலை ஆறரைக்கு. அதே ஆறரைக்குத்தான் சபையில் மாலை ஆராதனை. டாக்டர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை டிவிக்கும் ஓய்வுநாள். காலையிலேயே அதன்மேல் துணி போர்த்திவிடுவார்கள். "ஆராதனையை இந்த ஒரு வாரம் மட்டும் முன்னாடி வச்சுக்கலாமே" என்று சபைக் கமிட்டியில் சிலர் இழுத்தபோது, எழுந்து நின்று, "நேரம் ஆண்டவருக்கா, பந்துக்கா?" என்று ஒரே கேள்வியில் எல்லார் வாயையும் அடைத்தவர் நம் டாக்டர்தான். வாயை அடைப்பதில் அவருக்கு இருபது வருட அனுபவம்.

கமிட்டியில் ஜெயித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், பத்து வயது மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பள்ளி அணியில் அவள் கோல்கீப்பர். உலகக் கோப்பையில் நீலச் சட்டை அணியின் கோல்கீப்பர் என்றால் அவளுக்கு உயிர். அவருக்கு முப்பத்தொன்பது வயது. இதுவே தன் கடைசி ஆட்டம் என்று வேறு சொல்லிவிட்டார்.

"ஞாயித்துக்கிழமையை ஆண்டவருக்குக் கொடுத்தா நமக்கு ஒண்ணும் குறையாது பாப்பா," என்றார் டாக்டர். "பெட்டியில பதிவு பண்ணி வச்சு, திங்கட்கிழமை சாயங்காலம் குடும்பத்தோட பார்ப்போம். யார் ஜெயிச்சாங்கன்னு அதுவரைக்கும் நம்ம காதுல விழாது. அது என் பொறுப்பு."

"ஒரு துளிகூட விழாதா?"

"ஒரு துளிகூட."

அவள் நம்பிவிட்டாள். டாக்டருக்குப் பயமே அதுதான். முடிவு இன்று கசிந்தால் போவது ஒரு ஆட்டம் மட்டுமில்லை. ஞாயிற்றுக்கிழமை தன்னிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டது என்று அந்தக் குழந்தை மனதில் பதிந்துவிடும். பள்ளிக்கு விடுமுறை என்பதால் அவளும் அம்மாவும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். செய்தித்தாளைப் பிரிக்காமலே பரண்மேல் போட்டாகிவிட்டது. வெளியே வந்து மாட்டிக்கொண்டது டாக்டர் மட்டும்தான்.

பேக்கரிக்காரரைப் பேசவிடாமல் வாசல்வரை தள்ளிக்கொண்டு போய் விட்டபின், டாக்டர் ஓர் அட்டையை எடுத்து எழுதினார்: 'நேற்றைய ஆட்டத்தைப் பற்றி யாரும் வாய் திறக்க வேண்டாம். பல்லுக்கு மட்டும் திறக்கவும்.' சீட்டு எழுதும் அக்கா அதைப் படித்துவிட்டு அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

"டாக்டர், இதை மாட்டணுமா? நேத்து என்னன்னா…"

"மாட்டுங்க அக்கா. பேசாதீங்க."

மாட்டியதுதான் வினையாகப் போயிற்று. அதுவரை தன் பல்லைப் பிடித்துக்கொண்டு சிவனே என்று உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் அட்டையைப் படித்தார்கள். விஷயம் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொன்னார்கள். அறையே குலுங்கிச் சிரித்தது. வீங்கிய கன்னத்தோடு வந்த ஒரு தையல்காரர் வலியை மறந்து சிரித்ததை டாக்டர் கதவிடுக்கில் பார்த்தார். அப்படி என்னதான் நடந்து தொலைத்தது அந்த ஆட்டத்தில்?

சிரிப்பு காதில் விழாமலிருக்க, ஞானப்பாட்டுகளைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினார். அதில் தையல்காரர் "வலிக்குது" என்று மூன்று முறை கத்தியதும் கேட்கவில்லை.

நடுவில் போன் வந்தது. போதகர்.

"டாக்டர், நேத்து ஆராதனை முடிஞ்சு வந்து பார்த்தா, அந்த ஆட்டம்…"

டாக்டர் போனை வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. ஞானஸ்நானம் கொடுத்தவர், கல்யாணம் செய்துவைத்தவர். அவர் பேசும்போதே பட்டென்று துண்டித்தாயிற்று. திரும்பக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கலாம்தான். கேட்டால் அவர் மன்னித்த கையோடு முடிவையும் சொல்லிவிடுவார். போனையே அணைத்து, பல் பிடுங்கும் குறடுகளோடு சேர்த்து அலமாரியில் பூட்டினார்.

மத்தியானம் மூன்று மணிக்கு அக்கா பொறுமையிழந்துபோய் உள்ளே வந்து, கதவில் சாய்ந்து நின்றாள்.

"திட்டினாலும் பரவாயில்லை டாக்டர். ஆட்டத்தைப் பத்தி உங்களுக்கு ஒண்ணு சொல்லியே ஆகணும். நல்ல விஷயம்தான். கேட்டா நீங்க குதிப்பீங்க."

டாக்டர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். ஆனால் விழ வேண்டியது விழுந்துவிட்டது. நல்ல விஷயம். கேட்டால் குதிப்பார். நீலச் சட்டை அணிக்காகத்தான் டாக்டர் வீடே உயிரை விடுகிறது என்பது இந்தத் தெருவுக்கே தெரியும். அப்படியென்றால் நீலம் ஜெயித்துவிட்டது. டாக்டர் நாற்காலியில், அதுவும் நோயாளி உட்காரும் நாற்காலியில், பொத்தென்று உட்கார்ந்தார். ஒரு துளிகூட விழாது என்று சொன்னாரே, இப்போது மொத்தமாகவே கொட்டிவிட்டது. அக்கா எவ்வளவோ சொல்லப் பார்த்தும், "போங்க அக்கா, செஞ்ச வரைக்கும் போதும்" என்று அனுப்பிவிட்டார்.

ஆறு மணிக்குக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி வீட்டுக்கு நடந்தார். வீடு பேக்கரிக்கு மேல்மாடி. பேக்கரி டிவிக்கு முன்னால் ஒரு கூட்டம். நேற்றுப் பார்த்தது போதாதென்று இன்றும் பார்க்கிறார்களே என்று டாக்டர் சுவரை ஒட்டி நழுவினார். அவரைக் கண்டதும் பேக்கரிக்காரர் ஓடிவந்தார். இரட்டை ஊசி இன்னும் தெளியவில்லை. பாதி வாய் ஒரு பக்கம் தொங்க, "தாத்தர், தாத்தர்" என்று ஏதோ குழறினார். டாக்டர் இரண்டிரண்டு படியாகத் தாவி, கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

மகள் சோபாவில் கையுறைகூட மாட்டிக்கொண்டு தயாராக இருந்தாள்.

"அப்பா, உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுல்ல?"

"டிவியைப் போடுவோமா?" என்றார் டாக்டர்.

பதிவு செய்யும் பெட்டி புதுசு. நாலைந்து பொத்தான்களை மாற்றி மாற்றி அமுக்கினார். நல்லவேளை, சரியாக இரண்டு அணிகளும் வரிசையாக நடந்து வரும் இடம் வந்தது.

"மூலையில 'நேரடி'ன்னு போட்டிருக்கே," என்றாள் மகள்.

"நேத்து நேரடிதானே. அதைத்தானே பெட்டி பிடிச்சு வச்சிருக்கு."

ஆட்டம் தொடங்கியது. அப்படி ஒரு ஆட்டம். முடிவு தெரிந்த ஆட்டத்தில் என்ன இருக்கப் போகிறது என்று சோர்ந்து உட்கார்ந்த டாக்டர், பத்தாவது நிமிடத்தில் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார். வெள்ளைச் சட்டைக்காரர்கள் அலை அலையாக வந்தார்கள். அந்த முப்பத்தொன்பது வயது மனிதர் தனியாளாக நின்று தடுத்தார். விரலால் தடுத்தார், முழங்காலால் தடுத்தார், ஒரு முறை நெற்றியால்கூடத் தடுத்தார். எண்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுப்பது டிவியிலேயே கேட்டது. மனிதனுக்கு இப்படி ஓர் உடம்பையும் அதற்குள் இப்படி ஒரு நெஞ்சையும் கொடுத்தவரை நினைத்து டாக்டர் வாயடைத்துப் போனார். பக்கத்தில் மனைவி, தன்னை அறியாமல், "தோத்திரம், தோத்திரம்" என்று முணுமுணுத்தாள்.

இடைவேளை விளம்பரங்களை ஓட்டிவிட மகள் ரிமோட்டை அமுக்கிப் பார்த்தாள். ஓடவில்லை. "பொறுமையும் ஒரு நல்ல குணம்தான்," என்றார் டாக்டர்.

ஒன்றுக்கு ஒன்று. கூடுதல் நேரத்திலும் ஒன்றுக்கு ஒன்று. கடைசியில் பெனால்டி. நீலம் ஐந்து உதையில் ஐந்தும் போட்டுவிட்டது. வெள்ளை நாலில் நாலு. மிச்சம் ஒரே ஓர் உதை. அதைப் பிடித்தால் கோப்பை. முடிவு தெரிந்தும் டாக்டர் சோபாவை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

மகள் முழங்கால் போட்டாள்.

"என்ன பண்ற பாப்பா?"

"ஜெபம்."

"முடிஞ்சு போன ஆட்டத்துக்கா? நேத்தே எல்லாம் முடிஞ்சாச்சு. இனிமே கேட்டு என்ன ஆகப் போகுது?"

"அந்தப் பக்கமும் ஜெபம் பண்றவங்க இருப்பாங்க கண்ணு," என்றாள் மனைவி. "ஜெயிக்க வைங்கன்னு ஆண்டவரை இழுக்கக் கூடாது."

"ஜெயிக்க வைங்கன்னு கேட்கல. எந்தப் பக்கம் பாயணும்னு மட்டும் காட்டச் சொல்றேன்." கையுறைக் கைகளைக் குவித்துக் கண்ணை மூடினாள். "ஆண்டவரே, நேத்து அவரை வலது பக்கம் பாய வைங்க. ஆமென்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. திரையில் வெள்ளைச் சட்டைக்காரன் ஓடிவந்தான். உதைத்தான். அந்த மனிதர் வலது பக்கம் பாய்ந்தார். நீண்டு, இன்னும் நீண்டு, ஒரு கையால் பந்தைத் தட்டிவிட்டு விழுந்தார்.

கீழே பேக்கரி அலறியது. மேலே மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். திரையில் அந்த மனிதர் புல்லில் நெற்றியை வைத்து மண்டியிட்டுக் கிடந்தார், எழுந்திருக்கவே இல்லை.

அழுகை அடங்கியதும் டாக்டர் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். மத்தியானமே எனக்குத் தெரிஞ்சு போச்சு, நீலம்தான் ஜெயிச்சதுன்னு. சொன்ன சொல்லைக் காப்பாத்தல. மன்னிச்சிரு."

அவள் முகம் அப்படியே வாடிவிட்டது. மெதுவாகக் கையுறையைக் கழற்றினாள்.

"அப்போ ஞாயித்துக்கிழமை கொடுத்ததுல நமக்குக் கொஞ்சம் குறைஞ்சுதான் போச்சு," என்றாள். "என் ஜெபமும் சும்மாதானே. முடிஞ்சதுக்குத்தானே பண்ணேன்."

டாக்டர் அந்தக் கையுறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கதவைத் தட்டினார்கள். மனைவி போய்த் திறந்தாள். வாய் ஒருவழியாகத் தெளிந்த பேக்கரிக்காரர், கையில் ஒரு கேக்கோடு, மூச்சு வாங்க நின்றார்.

"பாப்பாவுக்குத்தான் முதல் துண்டுன்னு கொண்டாந்தேன். வாசல்ல நிக்கும்போதே காதுல விழுந்துச்சு. அப்பாவுக்குத் தெரிஞ்சு போச்சுன்னா பாப்பா முகம் வாடுற? அதெப்படித் தெரியும்?" என்று டாக்டர் பக்கம் திரும்பினார். "காலையிலிருந்து ஊரே இதைத்தானே சொல்ல வருது, எங்க வாயைத் திறக்க விட்டீங்க? அங்க இடி மின்னல்னு நேத்து ஆட்டமே நடக்கல டாக்டர். அந்த மனுஷன் வலது பக்கம் பாய்ஞ்சு இன்னும் பத்து நிமிஷம்கூட ஆகல."