கண்ணாடிக்கு மேலே ஒருத்தி

"கவனம். ஓட்டும்போது பேசாதீர்கள்."

பெண் குரல். லாரி ஓட்டிக்கொண்டிருந்த வானொலியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வண்டியில் அவரைத் தவிர ஆள் கிடையாது. பின்னால் இருபத்தைந்து டன் சிமெண்ட் மூட்டை இருந்தது, ஆனால் அது பேசி அவர் கேட்டதில்லை.

குரல் வந்தது முன்கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருந்த கறுப்புப் பெட்டியிலிருந்து. மற்ற வண்டிகளுக்குப் போன மாதமே மாட்டியாகிவிட்டது. இவர் வண்டிக்கு நேற்றுத்தான். "கேமராண்ணே. இனிமே ஆபீஸ்ல இருந்து உங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டிருப்பாங்க. மாசத்துல பத்து சிவப்புப் புள்ளி விழுந்துச்சு, ரோடு கிடையாது. யார்டுல வண்டி கழுவ வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுத்தான் மெக்கானிக் கீழே இறங்கினான். இருபத்திரண்டு வருஷம் ரோட்டிலேயே இருந்தவருக்கு யார்டும் ஜெயிலும் ஒன்றுதான்.

அவர் பேசியது என்னவோ உண்மை. கூட ஓட்டுகிறவர்கள் வானொலி என்று பெயர் வைத்ததே அந்த வாய்க்காகத்தான். எதிரே வரும் பஸ்ஸைத் திட்டுவார். டீசல் முள்ளிடம் நியாயம் கேட்பார். பக்கத்துக் காலி சீட்டுக்கு உலக நடப்பு சொல்லுவார். நாலு நாள் ஓட்டத்தில் ஒரு மனுஷக் குரல் காதில் விழ வேறு வழி இல்லையே, பாவம்.

"தப்புதாம்மா. மன்னிச்சுக்க" என்றார் பெட்டியைப் பார்த்து.

"கவனம். ஓட்டும்போது பேசாதீர்கள்." இரண்டாவது புள்ளி.

பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கவனம். ஸ்டியரிங்கில் கை இல்லை." மூன்று.

ஓரங்கட்டி நிறுத்தினார். வாயைத் திறந்தால்தானே வம்பு என்று துண்டை எடுத்து மூக்குக்குக் கீழே இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

"கவனம். ஓட்டுநரின் முகம் தெரியவில்லை." நான்கு.

மறுநாள் உதட்டைப் பூட்டிக்கொண்டு ஓட்டினார். பேச்சில்லாத சாலை எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பத்து மணிக்கே கொட்டாவி வந்தது. ஐந்து. கண் சொக்குவது தெரியக்கூடாது என்று கறுப்புக் கண்ணாடி மாட்டினார். கண்கள் மூடியிருக்கின்றன, ஓய்வெடுங்கள் என்றாள். ஆறு.

கடைசியில், மூன்றாம் நாள், பல்லைக் கடித்துக்கொண்டு, உதடு அசையாமல் பேசக் கற்றுக்கொண்டார். சாப்பாட்டுக் கடையில் சாப்பாடு கேட்டதும் அப்படியே வந்துவிட்டது. "பல்வலியாண்ணே?" என்று கடைக்காரர் இரக்கப்பட்டு வெறும் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தார். அதையும் குடித்துவிட்டு வந்தார்.

அன்று மாலை, சுமையை இறக்க வேண்டிய கிடங்குக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது, பெட்டி தானாகப் பேசியது.

"இன்று நன்றாக ஓட்டினீர்கள். நன்றி."

இத்தனை வருஷத்தில் லேட்டு என்று திட்டியவர்கள் உண்டு, மூட்டை கிழிந்தது என்று கத்தியவர்கள் உண்டு. நன்றாக ஓட்டினாய் என்று ஒரு பிராணி சொன்னதில்லை. கண்ணைத் துடைத்தார்.

"கவனம். கண்களை மறைக்காதீர்கள்." ஏழு.

கிடங்கு வாசலில் வரிசையில் நின்றபோது மனைவிக்கு ஃபோன் போட்டார்.

"சாப்டீங்களா?"

"சாப்டேன். ஒரு விஷயம் தெரியுமா? ஆபீஸ்ல ஒரு பொண்ணு நாள் பூரா என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருக்குது."

"உங்க மூஞ்சியையா? ஐயோ பாவம், அதுக்கு வேற வேலை கிடைக்கலையா?"

"இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"அடுப்புல பால் இருக்குங்க. அப்புறம் பேசுறேன்."

அந்த அப்புறம் வழக்கம்போல வரவில்லை. மனைவியைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. மாதத்தில் மூன்று நாள் வீட்டில் இருக்கிற ஆளை வைத்து அவள் ஒரு குடும்பத்தை நடத்தவில்லை. அவர் இல்லாமல்தான் நடத்துகிறாள். அவர் போய் இறங்கினால் எந்த நாற்காலியில் உட்கார வைப்பது என்று அவளே ஒரு நிமிஷம் யோசிப்பாள். அது அவருக்குத் தெரியும், வலிக்கவும் வலிக்கும்.

திரும்பும் ஓட்டத்தில் எல்லாவற்றையும் பெட்டியிடம் சொன்னார், பல்லைக் கடித்தபடியே. மகள் கல்யாணத்துக்கு முகூர்த்தம் முடிந்து வந்து சேர்ந்ததைச் சொன்னார். முதுகுவலியைச் சொன்னார். "நீ சாப்டியாம்மா? காலையிலேருந்து உக்காந்திருக்கியே" என்று கேட்டார். தினமும் முகம் மழித்தார். சலவைச் சட்டை போட்டார். சிக்னலில் நிற்கிற நேரத்தில் தலை வாரப்போய் எட்டாவது புள்ளியும் விழுந்தது.

இன்னும் இரண்டுதான் பாக்கி. மாதம் முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. யார்டு பயம் ஒரு பக்கம். யார்டுக்குப் போனால் அந்தப் பெண் பார்க்கமாட்டாளே என்பது இன்னொரு பக்கம். எது பெரிய பயம் என்று அவரைக் கேட்டால் சொல்ல வெட்கப்படுவார். நேரிலேயே போய்ப் பேசிவிடுவது என்று முடிவு கட்டினார். ஏசி அறையில் அவளுக்குக் குளிருமே என்று வழியில் ஒரு நீலக் கம்பளிச் சால்வை வாங்கிக்கொண்டார்.

தலைமை அலுவலகத்தில் மூன்றாவது மாடி. மத்தியான நேரம், நடைவழியில் துப்புரவுக்கார அம்மா மட்டும் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, கேமராவுல டிரைவருங்களைப் பாக்குற பொண்ணு எந்த ரூம்ல இருக்குது?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். கையிலிருந்த பையைப் பார்த்தாள். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, கடைசி அறையைத் திறந்துவிட்டாள்.

குளிர் முகத்தில் அடித்தது. உள்ளே பீரோ பீரோவாக இரும்புப் பெட்டிகள், பச்சை விளக்குகள், ஒரே இரைச்சல். ஆள் உட்கார ஒரு நாற்காலிகூட இல்லை.

"பொண்ணு எங்கம்மா?"

"பொண்ணு கிண்ணு யாரும் இல்லண்ணே. மெஷினே பாக்குது, மெஷினே திட்டுது, மெஷினே நன்றியும் சொல்லுது."

வானொலியாருக்கு மகள் கல்யாணத்தைச் சொன்னதும், சாப்பிட்டாயா என்று கேட்டதும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து உடம்பு கூசியது. பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்லம்மா... மாடி மாறி வந்துட்டேன்" என்று அசடு வழிந்தபடி திரும்பினார்.

"அட, எதுக்குண்ணே ஒளிக்கிறீங்க? கதவுக்குப் பின்னாடி மத்ததோட வச்சிட்டுப் போங்க" என்றாள் அவள், துடைக்கும் துணியை வாளியில் நனைத்துக்கொண்டே. "பதினேழு சால்வை, அஞ்சு ஃபிளாஸ்க், ரெண்டு தைலப் புட்டி... நம்ம கம்பெனி டிரைவருங்கள்ல அவளைப் பாக்க இன்னும் வராம இருந்தது நீங்க ஒருத்தர்தான்."