மனை பார்க்க இலவச வேன்

வேன் வடசேரியைத் தாண்டுவதற்குள் முத்துநாயகம் கத்தரில் வேலை பார்க்கிறவன் ஆகிவிட்டான்.

உண்மையில் அவனுக்குப் பூதப்பாண்டியில் ஒரு உரக்கடையில் வேலை. பள்ளிக்கூடம் லீவு விட்டு இருபது நாள் ஆகியும் பிள்ளைகளை எங்கேயும் கூட்டிப்போகவில்லை. இந்த ஞாயிறும் வீட்டில்தான் என்றால் பிள்ளைகளோடு திருவனந்தபுரத்துக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவதாக மனைவி சுபிதா சொல்லியிருந்தாள். அந்த அண்ணனுக்கு முத்துநாயகத்தைப் பற்றி ஏற்கெனவே ஒரு அபிப்பிராயம் உண்டு. அதை உறுதிப்படுத்த அவன் விரும்பவில்லை.

அப்போதுதான் சுவரில் அந்த நோட்டீஸைப் பார்த்தான். பேச்சிப்பாறைப் பக்கம் மலையடிவாரத்தில் வீட்டுமனை. குடும்பத்தோடு வந்து பார்க்கலாம். வேன் இலவசம், மதியச் சாப்பாடும் இலவசம்.

வாங்கப் பணம் கிடையாது. வாங்குகிறவனுடைய முகம் இருந்தால் போதும் என்று கணக்குப் போட்டான்.

வேனில் மனைக் கம்பெனி மேனேஜர் ரிஜோ, என்ன வேலை என்று கேட்டார். உரக்கடை என்றால் இறக்கிவிடுவார்கள். கத்தர் என்றான். பின்சீட்டில் ஒரு பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தேங்காய்ப்பட்டணம் சிலுவைதாசன். மகள் லீமாவோடும் இரண்டு பேரப்பிள்ளைகளோடும் வந்திருந்தார். பதினெட்டு வருஷம் கத்தரில் இருந்தவராம்.

"கத்தர்ல எங்க மக்கா?"

"கடலுக்குள்ள."

"கடலுக்குள்ளன்னா?"

"நடுவுல."

எண்ணெய்க் கிணறா என்று அவரே எடுத்துக்கொடுத்தார். முத்துநாயகம் தலையாட்டினான். பெரியவர் போய் மேனேஜர் காதில் ஏதோ சொன்னார். உடனே முத்துநாயகம் குடும்பத்துக்கு முன்சீட் கிடைத்தது.

சுபிதா அவன் தொடையில் கிள்ளினாள். "கத்தர்ன்னு ஏன் சொன்னிய? துபாய்ன்னா எனக்கு நாலு இடத்துப் பேராவது தெரியும்லா."

மனை என்பது ரப்பர் மரங்களை வெட்டிய இடத்தில் நட்ட கல். ஏழாம் நம்பர் உங்களுக்கென்றே இருக்கிறது என்றார் ரிஜோ. தப்பிக்க ஒரு குறை வேண்டும். தண்ணீர் வசதி எப்படி என்று முத்துநாயகம் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டான்.

நீங்களே பாருங்கள் என்று ரிஜோ எல்லாரையும் அணைத் தண்ணீர் ஓடும் சானலுக்குக் கூட்டிப்போனார். கால் மணி நேரத்தில் அவன் பிள்ளைகள் ஆதர்ஷும் ஆர்த்திகாவும் லீமாவின் பிள்ளைகளோடு தண்ணீரில் கிடந்தார்கள். வேனில் எப்படியோ ஆறு துண்டு இருந்தது.

தண்ணீர் நிறைய இருக்கிறதே, மழைக்கு மனை முங்காதா என்று கேட்டான். உயரத்திலிருந்து பார்த்தால் புரியும் என்று குன்றின்மேல் ஏற்றினார்கள். மேலே காற்று அடித்தது. அணை முழுக்கத் தெரிந்தது. சுபிதா போட்டோ எடுத்து, முதல் வேலையாக அண்ணனுக்கு அனுப்பினாள்.

பிள்ளைகள் விளையாட இடம் இல்லையே என்றான். ரிஜோ சீட்டுக்கு அடியிலிருந்து கிரிக்கெட் மட்டையை எடுத்தார். சிலுவைதாசன் பந்து போட்டார்.

மதியம் மரச்சீனிக் கிழங்கு, மீன்கறி, சோறு, பப்படம், பாயசம். ரிஜோ அவன் இலையில் இரண்டாவது மீன் துண்டை வைத்தபோது முத்துநாயகம் இலையை மூடப் பார்த்தான். இவ்வளவையும் செய்கிற ஒருவன் கடைசியில் சும்மா விடமாட்டான். எவ்வளவு நன்றாகக் கவனிக்கிறார்களோ, பிள்ளைகள் முன்னால் அவ்வளவு மோசமாக அவமானப்படுத்துவார்கள்.

சாப்பிட்டு வந்து பார்த்தால் சுபிதா ஏழாம் நம்பர் கல்லுக்குள் நின்று அடி வைத்து அளந்துகொண்டிருந்தாள்.

"சமையல்கட்டு இந்தப் பக்கம் வரட்டும்."

"ஏட்டி, நாம நடிக்க வந்திருக்கோம்."

"தெரியும். நடிக்கதுக்குன்னு வீட்டுல சமையல்கட்டு வேண்டாமா?"

வெயில் சாய்ந்தது. எல்லாரும் வேன் பக்கத்தில் கூடினார்கள். ரிஜோ ஒரு ஃபாரத்தையும் பேனாவையும் நீட்டினார். இங்கிலீஷில் பொடி எழுத்து. ஏழு என்ற நம்பரும், கீழே பார்ட்டி கையெழுத்துக்கு ஒரு கோடும் மட்டும் அவனுக்குப் பிடிபட்டன. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றான். வீடே கூட இருக்கிறதே என்று ரிஜோ சுபிதாவைக் காட்டினார். கண்ணாடி எடுத்துவரவில்லை என்றான். சிலுவைதாசன் தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார்.

முத்துநாயகம் பேனாவைத் திருப்பிக் கொடுத்தான்.

"நான் கத்தர்ல இல்ல. கத்தரப் பாத்ததும் இல்ல. உரக்கடையில மூட்டை எடுத்துக் குடுக்கேன். மனை வாங்கவும் வரல. பிள்ளையள எங்கயாவது கூட்டிட்டுப் போணும், கையில காசில்ல, வந்தேன். ஏசணும்னா ஏசுங்க. பிள்ளையள் வேன்ல ஏறட்டும், பொறவு ஏசுங்க."

ரிஜோ பெரியவரைப் பார்த்தார். பெரியவர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் டயரைப் பார்த்தார்.

ஆர்த்திகாவின் ஈரத்தலையைப் பின்னிக்கொண்டிருந்த லீமாதான் வாய் திறந்தாள்.

"சும்மா ஒப்பு போடுங்கண்ணே, அது ஆள் வந்து பாத்தாச்சுங்கதுக்கு உள்ள சீட்டுதான், வெளியாள் ஒருத்தராவது வந்தாத்தான் கம்பெனி மேனேஜருக்கு வேனும் சோறும் குடுக்கும், அஞ்சு வாரமா ஒரு ஆளும் கிடைக்காம இந்தா நிக்க எங்க வீட்டுக்காரர் ரிஜோவும் நானும் அப்பாவும் பிள்ளையளும் வீட்டுக்குள்ளயே கிடந்தோம்."