பதினான்கு சீன வாக்கியங்களும் கொஞ்சம் ரசமும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முப்பது வயதுவரை எனக்குத் தமிழ் தெரியாது. ஜொகூரில், தெப்ராவில் எங்கள் வீட்டில் சண்டை, சமாதானம், சாமி கும்பிடுவது எல்லாமே ஆங்கிலத்தில்தான். அப்பாவும் அம்மாவும் எனக்குத் தெரியாமல் ரகசியம் பேச மட்டும் தமிழை வைத்திருந்தார்கள். (ஆங்கிலம் பேசினால் பையன் முன்னேறுவான் என்று நம்பினார்கள். முன்னேறினேன், தினமும் காலையில் எல்லை தாண்டி வேலைக்குப் போகும் சிங்கப்பூர் பாலத்து நெரிசலில், அங்குலம் அங்குலமாக.)

சிங்கப்பூர் அலுவலகத்தில்தான் சூ லின் பழக்கமானாள். அவள் அப்பாவுக்கு எங்கள் பக்கத்து ஊரான உலு திராமில் இரும்புச் சாமான் கடை. காதலித்த இரண்டு வருடமும் நாங்கள் பேசியது ஆங்கிலம். ஆனால் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனால் மட்டும் நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "அண்ணே, இன்னும் கொஞ்சம் ரசம்" என்பேன். என் கையிருப்பே அவ்வளவுதான். அவளோ பின்னால் ஒரு கிடங்கே இருக்கிறதென்று நம்பிவிட்டாள். நானும் திருத்தவில்லை. தமிழனுக்குத் தமிழ் வராது என்று காதலியிடம் எந்த முகத்தோடு சொல்வது?

கல்யாணப் பேச்சு வந்ததும், அவள் அப்பாவிடம் சீனத்திலேயே பெண் கேட்டு மனுஷரை அசத்திவிடுவது என்று முடிவு செய்தேன். அவளுக்குத் தெரியாமல் ஆறு மாதம் பேருந்தில் மாண்டரின் படித்தேன். நான் முணுமுணுத்த முணுமுணுப்பில் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே வந்தது. "என் பெயர் இன்னது" என்பதில் தொடங்கி, "உங்கள் மகளைக் கண்கலங்காமல் பார்த்துக்கொள்வேன்" என்பது வரை மொத்தம் பதினான்கு வாக்கியங்கள். அவர் பதில் பேசினால் என்ன செய்வது என்று யோசிக்கும் அளவுக்கு எனக்கு அறிவில்லை.

சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள் மருமகன்கள் மாமனார் வீட்டுக்கு வரும் நாள். இன்னும் மருமகன் ஆகாத நானும் சிவப்புச் சட்டையோடும் இரண்டு ஆரஞ்சுப் பழங்களோடும் போய் நின்றேன். கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். பழங்களை இரண்டு கையாலும் நீட்டியபடி பதினான்கையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அத்தைமார்கள் கைதட்டினார்கள். சூ லின் வாயைப் பிளந்து பார்த்தாள். அவள் அப்பா கடைசி வாக்கியம்வரை தலையாட்டிக் கேட்டுவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நல்லா பேசுனீங்க. உக்காருங்க தம்பி," என்றார், தமிழில்.

அவருடைய அப்பா ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளோடு தமிழில் சண்டை போட்டு வளர்ந்தவர் என் மாமனார். அது எனக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று சூ லின் மறைத்துவைத்திருந்தாளாம். பிறகு தமிழிலேயே கேள்விகள் ஆரம்பித்தன. என்ன கேட்டார் என்று பின்னாளில் அவரே சொல்லித்தான் தெரியும். தாத்தா எந்தத் தோட்டம் என்று கேட்டார். "ஆமா" என்றேன். அப்பா என்ன வேலை என்றார். அதற்கும் "ஆமா". பச்சைப் பிள்ளையிடம் கேட்பதுபோல் இன்னொரு தடவை நிதானமாகக் கேட்டார். பதற்றத்தில் எனக்குத் தெரிந்த ஒரே முழு வாக்கியம் வெளியே வந்து விழுந்தது.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் ரசம்."

பெண் கேட்கப் போன இடத்தில், வருங்கால மாமனாரை அண்ணன் ஆக்கி ரசம் கேட்டவன் ஜொகூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. முகம் வாடிப்போய்விட்டது.

"தோட்டத்த கம்பெனி வித்த பிறகு, கூட வளந்த கூட்டாளிங்க எல்லாம் ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்க. கடைக்கு வர்றவங்க என் மூஞ்சிய பாத்து மலாய்ல பேசுறாங்க. மருமகன் தமிழ்ப் பையன்னு மக சொன்னா. பேச ஆளு கெடைச்சிருச்சின்னு நெனச்சேன் லா," என்றார்.

நான் விழிப்பதைப் பார்த்து அதையே மலாயில் திருப்பிச் சொல்லி, தமிழில் வந்து கேளுங்க, அவசரம் இல்லை என்றார். காரில் சூ லின் பின் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு வருடப் பொய்க்கு அது குறைந்த தண்டனைதான்.

அடுத்த ஒரு வருடம் சனிக்கிழமைகளில், முட்டி இடிக்கும் பெஞ்சில், ஏழு வயதுக்காரர்களோடு உட்கார்ந்து தமிழ் படித்தேன். (வகுப்பில் எனக்கு ஐந்தாம் இடம்.) திரும்பப் போய்க் கேட்டேன். மூன்றாவது வாக்கியத்திலேயே சரி என்றுவிட்டார்.

அதன் பிறகு பதினோரு வருடம், ஞாயிறு தவறாமல் கடையில் ஆணி டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்து பேசினோம். பெரிதாக ஒன்றுமில்லை. மழை, பெயிண்ட் விலை, பக்கத்து வீட்டுப் பலாமரம். இரண்டு வருடத்துக்கு முன் அவர் போய்விட்டார். வீட்டில் இப்போது ஆங்கிலமும் மாண்டரினும்தான். அம்மாவிடம் தமிழில் ஆரம்பித்தால் பழக்கதோஷத்தில் ஆங்கிலத்தில் பதில் வருகிறது. பேச ஆளில்லை என்று அன்று அவர் சொன்னது இப்போதுதான் முழுதாகப் புரிகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்காக ஏங்குகிறேன்.

புத்தாண்டின் இரண்டாம் நாள் விருந்தில் நான் எழுந்து நின்றாலே போதும், எங்கள் மகளிலிருந்து அத்தைமார்கள்வரை ஒரே குரலில் "அண்ணே, இன்னும் கொஞ்சம் ரசம்" என்பார்கள். அவர்களில் பலருக்குத் தெரிந்த ஒரே தமிழ் வாக்கியம் அது. மாமனார் இருந்தவரை, சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, "உக்காருங்க தம்பி" என்பார். இந்த வருடமும் கத்தினார்கள், சிரித்தார்கள், சாப்பிட ஆரம்பித்தார்கள். நான் மட்டும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தேன்.