ஒரு சாயங்காலத்துக்குக் குடிகாரராக வரவும்

பெர்ன்ஹில், ஊட்டி,
ஜூலை 1994, செவ்வாய்.

கர்த்தருக்குள் பிரியமான எட்மண்ட் அண்ணாவுக்கு,

ஜூடித் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், மழையும் சுகம். அங்கே நீங்களும் ஜெஸிந்தா அண்ணியும் சுகமென்றும், பெரியப்பாவின் முழங்கால் கோயம்புத்தூர் வெயிலுக்கு இணங்கி நடக்கிறதென்றும் நம்புகிறேன். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படிக்கவும். நான் உட்கார முடியாமல் எழுதுகிறேன். இரண்டு வரிக்கு ஒருமுறை போய் ஜன்னல் கொக்கியைச் சரிபார்த்துவிட்டு வருகிறேன். கொக்கி சரியாகத்தான் இருக்கிறது.

விஷயம் இதுதான். வருகிற சனிக்கிழமை சாயங்காலம் நீங்கள் இங்கே வந்து, ஒரு மணி நேரம் என் கணவராகவும் குடிகாரராகவும் இருந்துவிட்டுப் போக வேண்டும்.

கோபிக்காமல் மேலே படியுங்கள். கிறிஸ்துமஸ் கேக்கில் பிராந்தி வாசனை வருகிறது என்று தட்டோடு திருப்பி அனுப்பியவர் நீங்கள், தெரியும். குடிப்பது நான். மாற்றலாகி இங்கே வந்த முதல் குளிரில் இருமலுக்கு இரண்டு மூடி பிராந்தி என்று ஆரம்பித்தது. இருமல் போய்விட்டது, மூடி டம்ளராகிவிட்டது. ஒயின் ஷாப்பில் கேக்குக்கு என்று சொல்லித்தான் வாங்குவேன். தவக்காலத்திலும் கேக், சித்திரையிலும் கேக். கடைக்காரர் போன மாதம், "ஏனுங்க அம்மிணி, உங்க பேக்கரி எந்தப் பக்கமுங்க? நாங்களும் வந்து வாங்கிக்கறோம்" என்று கேட்டார். எதையும் படித்தே தீர்த்துவிடலாம் என்று நம்புகிறவள் அல்லவா, குடியை விடுவது பற்றி ஒரு தடித்த புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். புத்தகம் முடிந்தபோது பாட்டிலும் முடிந்திருந்தது.

ஆகவே, தெரிந்தவர் கண்ணில் படாமல் குன்னூருக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தின் பின்னறையில், குடியை விட்டவர்களும் விடப் பார்ப்பவர்களும் சனிக்கிழமைதோறும் கூடி, வட்டமாக உட்கார்ந்து, அவரவர் கதையைச் சொல்லி, வர்க்கி தின்று டீ குடித்துக் கலைகிறார்கள். அத்தனை பேரும் ஆண்கள். நான் வாசலில் நின்றதுமே மூன்று பேர் எழுந்து நாற்காலி கொடுத்தார்கள். நடத்துகிறவர் கொர்னேலியஸ் ஐயா, ஓய்வு பெற்ற எஸ்டேட் கிளார்க். "வாங்கம்மா. அப்பாவுக்கா, வீட்டுக்காரருக்கா?" என்றார். எனக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எல்லாரும் அத்தனை இரக்கத்தோடு பார்த்தார்கள். "வீட்டுக்காரருக்கு" என்று வந்துவிட்டது. பெயர் கேட்டார்கள். மரியாதையான பெயராக அந்த நேரத்தில் ஒன்றே ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. மன்னியுங்கள்.

அன்று முதல் நீங்கள் அங்கே பிரபலம். "எட்மண்ட் இந்த வாரம் எப்படி?" என்று என்னைத்தான் முதலில் கேட்பார்கள். திங்கள் தாக்குப்பிடித்தார், புதன் கை நடுங்கியது, வெள்ளி கடை வரை போய்த் திரும்பி வந்தார் என்று என் வாரத்தை உங்கள் பெயரில் ஒப்பிப்பேன். கேத்தியில் கேரட் போடும் ஆறுச்சாமி அண்ணனுக்கு உங்கள் மேல் தனிக் கோபம். "அந்த மனுசனுக்கு இத்தன பொறுமையான பொண்டாட்டி எதுக்குங்க? நாலு நாளைக்கு எங்கூட்டுக்கு அனுப்புங்க, மம்பட்டியக் கையில குடுத்தா பொழுது சாய தானாத் தூங்கிப்போடுவாரு" என்பார். வாய் சும்மா இருந்தால்தான் நினைப்பு வரும் என்று உங்களுக்காக ஒரு பை கேரட் கொடுத்தனுப்பினார். முழுவதையும் நான்தான் கடித்துத் தின்றேன். அந்த வாரம் நிஜமாகவே தொடவில்லை. சனிக்கிழமை எல்லாரும் உங்களுக்காகக் கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது. "சந்தோசத்துல அழுகுது, பாவம்" என்றார் ஆறுச்சாமி அண்ணன். சந்தோஷமில்லை அண்ணா, பொறாமை. உங்கள் மேல்.

வீட்டுக்கு வந்து குடித்தேன். நீங்கள் சறுக்கிவிட்டதாக அடுத்த வாரம் சொன்னேன். கொர்னேலியஸ் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "வராத ஆளை நாமதான் போய்ப் பாக்கணும்" என்றார். அது அங்கே வழக்கமாம். இரண்டு பேராக வீட்டுக்கே போய்விடுவார்களாம். வருகிற சனிக்கிழமை, கூட்டம் முடிந்த கையோடு என்று நாள் குறித்து, விலாசமும் வாங்கிக்கொண்டார்கள்.

நான் அங்கே போவதையே நிறுத்திவிடலாம்தான். ஆனால் வாரம் முழுவதும் ஆடுகிற என் கால் அந்த அறையில் மட்டும்தான் ஆடாமல் இருக்கிறது. பொய் தெரிந்தால் அந்த நாற்காலி போய்விடும். அது போனால் எனக்குப் போக்கிடம் 'கேக்குக்கு' வாங்கும் அந்தக் கடைதான். ஆகவே வாருங்கள். இரண்டு நாள் தாடி வளரட்டும். தப்பித் தவறியும் ஜெபம் பண்ணத் தொடங்கிவிடாதீர்கள். ஆறுச்சாமி அண்ணன் திட்டினால் தலையைக் குனிந்துகொள்ளுங்கள், நியாயமான திட்டுதான். "இனிமேல் தொடமாட்டேன்" என்று மட்டும் சொல்ல வேண்டாம். அங்கே எல்லாரும் சொல்லிப் பார்த்த வசனம் அது, ஒருவரும் நம்பமாட்டார்கள்.

அண்ணியிடம் என்ன சொல்லிவிட்டு வருவது என்று யோசித்தேன், ஒன்றும் தோன்றவில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பெரியப்பாவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். மலைப்பாதையின் அத்தனை வளைவிலும் கர்த்தர் உங்களோடு இருப்பாராக. இருந்தாலும் ஒரு எலுமிச்சம்பழம் கையில் வைத்துக்கொள்ளவும்.

உங்கள் தங்கை,
ஜூடித்

பி.கு.: வர வேண்டாம். கடிதத்தைத் தபாலில் சேர்க்கத் தைரியம் வராமல் இரண்டு நாள் கையில் வைத்திருந்தேன். அதற்குள் இன்று, வியாழக்கிழமையே வந்துவிட்டார்கள். ஊட்டி மார்க்கெட்டுக்கு லோடு இறக்க வந்த லாரியில் ஆறுச்சாமி அண்ணன் ஐயாவையும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். "எங்கீங்க அந்த மகராசன்?" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டே உள்ளே நுழைந்தார். மேசையில் டம்ளர், ஊற்றி வைத்தபடி. தூங்குகிறார் என்று சொல்லியிருக்கலாம். "எட்மண்ட் எங்க அண்ணன். கோயம்புத்தூர்ல இருக்கார். குடிக்கிறது நான்" என்றேன்.

"அட சாமி! ஒண்ணுமே அறியாத மனுசன நானு என்னென்ன பேசிப்போட்டேன்!" என்று ஆறுச்சாமி அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். கொர்னேலியஸ் ஐயா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஜூடித் இந்த வாரம் எப்படி?" என்று கேட்டார். சொல்லத் தொடங்கினேன், நிறுத்த முடியவில்லை. டம்ளரை யார் எடுத்துக் கொட்டினார்கள் என்று கவனிக்கவில்லை.

இதை எழுதும்போதும் இருவரும் முன்னறையில்தான் இருக்கிறார்கள். வெளியே லாரி டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார். நேரமாகிறது, கிளம்புங்கள் என்றேன்.

"இருக்கட்டுமுங்க அம்மிணி. ஒயின் ஷாப்பு சாத்தட்டும், போறோம்" என்கிறார் ஆறுச்சாமி அண்ணன்.